என் பேரனின் ரயிலை நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். நெருங்கிய சொந்தம். திருச்சியிலிருந்து எல்லோருக்குமாக வேன் ஏற்பாடு செய்திருந்தார்கள். என் மகளும் பேரனும் நானும் மட்டும் அதில் ஏறவில்லை. முதல் நாள் சாயங்காலமே வைகை எக்ஸ்பிரஸில் போய்விட்டோம். பேரனுக்குப் பதினேழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. மதுரைக்குப் போவதென்றால் அவனுக்கு ரயில்தான். சாயங்காலம் போவதென்றால் வைகைதான்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் உட்கார்ந்தோம். பேரன் பக்கத்து இலைக்காரரிடம், “நீங்க எந்த வண்டியில வந்தீங்க?” என்று கேட்டான். அது அவன் வழக்கம். பாண்டியன் என்றோ நெல்லை என்றோ சொன்னால் அவர் நண்பர். பஸ் என்று சொன்னால் பேச்சு முடிந்தது, அடுத்த இலைக்குப் போய்விடுவான். இப்படி நாலாவது இலைவரை போனபோது எதிர்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் என் மகளைப் பார்த்துச் சொன்னார்: “இந்த ரயில் பைத்தியத்தை நீங்களே உரம் போட்டு வளர்க்கிறீங்கம்மா. இதுக்குன்னு வேனை விட்டுட்டு ரயில்ல வேற கூட்டிட்டு வர்றீங்க. ரெண்டு வருஷம் ரயிலையே கண்ணுல காட்டாம இருந்து பாருங்க, தானா சரியாயிடும்.”

என் மகள் பதில் சொல்லவில்லை. சாம்பார் சாதத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

நானும் பேசவில்லை. என்னைவிட மூத்தவர், கல்யாண வீடு. ஆனால் அன்றைக்குப் பேசாதது ஒரு மாதமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதை இதற்கு முன் இருபது பேராவது சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். அந்த அக்கறைக்குத்தான் இந்தப் பதில். இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். நம் வயதுக்காரர்கள்தான் பந்தியிலும் ரயிலிலும் இந்த வைத்தியத்தை இலவசமாகக் கொடுக்கிறோம்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். எது பைத்தியம்?

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக வேலை பார்த்தவன். இந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டும்: ரயில்வே மெயில் சர்வீஸ், ரயில் பெட்டிக்குள்ளேயே நின்றுகொண்டு தபால் பிரிக்கிற வேலை. எந்த ஊர்த் தபால் எந்த வண்டியில் போகும், எந்த ஜங்ஷனில் இறங்கி எந்த வண்டி மாறும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதற்குப் பரீட்சை வைத்தார்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அது வந்த பிறகும் பலர் அந்த ஆறு எண்ணைத் தபாலில் எழுதவே மாட்டார்கள். எங்கள் தலைக்குள் இருந்த பட்டியலை வைத்துத்தான் தபால் போய்ச் சேர்ந்தது. ராத்திரியில் தூக்கத்திலேயே நான் ஊர்ப்பெயர் சொல்வேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்வாள். அதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. இப்போது பென்ஷன் கொடுக்கிறது. யாரும் எனக்குத் தபால் பைத்தியம் என்று சொல்லவில்லை.

என் நண்பர் ஒருவருக்கு 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் யார் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்பது இன்றும் தலைகீழ்ப் பாடம். அவரை ‘அபார ஞாபகசக்தி’ என்கிறோம். இன்னொருவர் பழைய சினிமாப் பாட்டு எதைச் சொன்னாலும் படம், இசை, பாடியவர் எல்லாம் சொல்வார். அவர் ‘ரசிகர்’. மார்கழி வந்தால் கச்சேரி கச்சேரியாக அலைகிறவர் ‘ஞானஸ்தர்’. என் பேரன் வைகை 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வண்டி என்று சொன்னால் மட்டும் ‘பைத்தியம்’. ஆட்டிசம் என்ற பெயர் ஒட்டிய பிறகு அந்தப் பிள்ளை எதை நேசித்தாலும் அது நோயின் அறிகுறியாகிவிடுகிறது. இது என்ன நியாயம்?

அந்தப் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. அதை முதன்முதலில் ஒரு விண்ணப்பத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. என் பேரனுக்குத் திருச்சி ஜங்ஷனிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல், கொடைக்கானல் ரோடு, சோழவந்தான் என்று மதுரைவரை வழியிலுள்ள நிலையம் ஒவ்வொன்றும் தெரியும். எந்த மேடையில் எந்த வண்டி நிற்கும் என்று தெரியும். எஞ்சின் மேல் எழுதியிருக்கும் டபிள்யூ.ஏ.பி. 7 என்பதில் டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஏ என்றால் ஏசி மின்சாரம், பி என்றால் பயணிகள் வண்டி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ரயிலில் ஏறியதும் போனை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளும் மற்ற எழுபது பேரைவிட அவனுக்குத்தான் புற உலகம் கண்ணில் படுகிறது.

“சரி, ரயிலால அவனுக்கு என்ன பிரயோஜனம்?” என்பது அடுத்த கேள்வி. சொல்கிறேன்.

பள்ளியில் ‘அ’ முதல் ‘ஃ’ வரை கற்றுக்கொடுக்க இரண்டு வருஷம் போராடினார்கள். அவன் தமிழ் படிக்கக் கற்றது நிலையத்தின் மஞ்சள் பலகையில்தான். பொன்மலை, திருவெறும்பூர், ஸ்ரீரங்கம், லால்குடி, இவைதான் அவனுடைய அரிச்சுவடி. அதே பலகையில் இந்தியும் ஆங்கிலமும் இருந்ததால் அந்த எழுத்துகளும் கூடவே வந்துவிட்டன. கழித்தல் கணக்கு வராது என்று கைவிட்ட பிள்ளை, வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று கணக்குப் போடுவதற்காகக் கழித்தல் கற்றான். ரயில்வே கடிகாரத்துக்கு இருபத்துநான்கு மணி. அதில் தேர்ந்த பிறகுதான் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல ஆரம்பித்தான். புது மனிதர்களிடம் அவன் தானாகப் போய்ப் பேசுகிற வாக்கியம் ஒன்றே ஒன்று: “நீங்க எந்த வண்டியில வந்தீங்க?” அந்தப் பெரியவர் நிறுத்தச் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

ரயிலைக் கண்ணில் காட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் ஊகித்துச் சொல்லவில்லை. செய்து பார்த்தவன். அந்தப் பாவத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவனுக்குப் பதினோரு வயது. அப்போது போய்க்கொண்டிருந்த ஒரு பயிற்சி நிலையத்தில், “ரயில் புத்தகத்தை எடுத்து ஒளித்து வையுங்கள். சொன்னபடி கேட்டால் மட்டும் பத்து நிமிஷம் கொடுங்கள். வழிக்கு வந்துவிடுவான்” என்றார்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மனசு வரவில்லை. நான்தான் வீட்டுப் பெரியவன் என்ற தோரணையில், அட்டை கிழிந்துபோன அந்தத் தென்னக ரயில்வே கால அட்டவணையை எடுத்துப் பரணில் போட்டேன். மூன்று வாரம். முதல் வாரம் கத்தினான். இரண்டாவது வாரம் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான். மூன்றாவது வாரம் அமைதியாகிவிட்டான். “பார்த்தாயா, வழிக்கு வந்துவிட்டான்” என்று நான் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவன் வழிக்கு வரவில்லை. பேசுவதை நிறுத்தியிருந்தான். ஒரு நாள் படுக்கையை உதறும்போது பாய்க்கு அடியிலிருந்து தினசரி காலண்டர் தாள்கள் ஒரு கட்டு விழுந்தது. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் நுணுக்கி நுணுக்கி வண்டி எண், நிலையம், வருகிற நேரம், புறப்படுகிற நேரம். புத்தகம் போனால் என்ன, ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

பேச்சு திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. இன்றைக்கும் அவன் அந்தப் புத்தகத்தை எடுக்கும்போது தலையைத் திருப்பி என்னை ஒரு முறை பார்த்துக்கொள்வான். ஆறு வருஷமாகிவிட்டது. அந்தப் பார்வை போகவில்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. பரணில் ஏற்றியது என் கை.

அடுத்த வருஷமே நாடு முழுவதும் ரயிலைக் கண்ணில் காட்டாத காலம் வந்தது. 2020 மார்ச்சில் பயணிகள் வண்டிகள் நின்றன. பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, ஆனால் சிறப்பு ரயில்களாக, எண்ணின் முதலில் சைபரோடு. 12635 வைகை 02635 ஆகிவிட்டது. உங்களுக்கும் எனக்கும் அது ஒரு சைபர். அவனுக்கு அது வைகையே இல்லை. “இது வேற வண்டி. வைகை வரல” என்று சாதித்தான். அந்தக் காலத்தில் நம்மில் யாருக்குத்தான் உலகம் பழைய உலகமாக இருந்தது? பேப்பர் வரவில்லை, கோவில் திறக்கவில்லை, சாவுக்குப் போக முடியவில்லை. நாம் பத்து விதமாகப் புலம்பினோம். அவன் ஒரே விதமாகப் புலம்பினான், அவ்வளவுதான் வித்தியாசம். 2021 நவம்பரில் பழைய எண்களே திரும்ப வரும் என்று ரயில்வே அறிவித்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். தீபாவளி தள்ளி வந்த மாதிரி இருந்தது.

இப்போது பிரயாணத்துக்கு வருகிறேன். “இப்படிப்பட்ட பிள்ளையை வச்சுக்கிட்டு எதுக்கு ஊர் ஊரா அலையறீங்க?” என்றும் கேட்கிறார்கள்.

முன்பு நாங்கள் கோவில்களுக்குக் காரில் போவோம். அவனை ஒரு மூட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு போவோம், கூட்டத்தில் அவன் அலறுவான், பாதியில் திரும்புவோம். ஒரு கட்டத்தில் என் மகள் சொன்னாள்: “அப்பா, நாம போற இடத்துக்கு அவனைக் கூட்டிட்டுப் போறோம். ஒரு தடவை அவன் போற இடத்துக்கு நாம போவோம்.” அன்றிலிருந்து பிரயாணத் திட்டம் அவன் கையில். எந்த வண்டி, எந்த நிலையத்தில் மாறுவது, எங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பது எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவான். ஜன்னலோரம், காதுக்கு ஹெட்ஃபோன், டப்பாவில் தயிர்சாதம், இவை இருந்தால் என்னைவிட நல்ல பிரயாணி அவன். மேடையில் மஞ்சள் கோட்டைத் தாண்ட மாட்டான். தாண்டி நிற்கிறவர்களைச் சத்தம் போட்டுப் பின்னால் வரச் சொல்வான். அதற்கும் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

அவன் முதலில் எழுதிக் கொடுத்த திட்டம் ஊட்டி மலை ரயில். திருச்சியிலிருந்து ஜனசதாப்தியில் கோயம்புத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், ராத்திரி தங்கல், காலையில் மலை ரயில். நீலகிரி மலை ரயிலைப் பற்றி நமக்குத் தெரிந்தது சினிமாவில் பார்த்தது. அவனுக்குத் தெரிந்தது வேறு. 1899-இல் குன்னூர்வரை, 1908-இல் ஊட்டிவரை. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறு முதல் குன்னூர்வரை தண்டவாளத்தின் நடுவே பல் பட்டை இருக்கிறது, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். அந்தத் தூரத்தில் எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அந்த வண்டிக்குப் புது நீராவி எஞ்சின்கள் செய்தது நம் பொன்மலைப் பணிமனை. இதையெல்லாம் அவன் சொல்லித்தான், பொன்மலைக்குப் பக்கத்திலேயே அறுபது வருஷம் வாழ்ந்த நான் தெரிந்துகொண்டேன்.

போனோம். மேட்டுப்பாளையத்தில் விடிகாலையில் நிலையத்துக்குப் போனால், ராத்திரி மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டது, வண்டி ரத்து. ஐப்பசி மழைக்காலத்தில் அது சகஜம், நாங்கள்தான் யோசிக்கவில்லை. எழுதிக் கொடுத்த தாளில் இல்லாத ஒன்று நடந்துவிட்டது. பதினைந்து வயதுப் பையன், என்னைவிட உயரம், மேடையில் படுத்துப் புரண்டு அலறினான். சுற்றிலும் கூட்டம். ஒருவர் “ரெண்டு அறை விட்டா சரியாப்போயிடும்” என்றார். ஒருவர் போனில் படம் எடுத்தார். ஒரு அம்மாள் விபூதி கொடுத்தார். என் மகள் அவன் தலை தரையில் மோதாமல் தன் கையை அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது மலை ரயில் ஊழியர் ஒருவர் வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று பிரேக் போடுவாரே, அந்த வேலை பார்க்கிறவர். கூட்டத்தை விலக்கிவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “தம்பி, எங்க சரிஞ்சிருக்கு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். எந்த இரண்டு நிலையத்துக்கு நடுவில், பாறை எவ்வளவு பெரியது, எத்தனை ஆள் போயிருக்கிறார்கள், பாறையை எடுத்த பிறகு தண்டவாளத்தை எப்படிச் சோதிப்பார்கள், முதலில் காலி எஞ்சின் போய்ப் பார்த்த பிறகுதான் வண்டியை விடுவார்கள் என்று, மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது போலச் சொன்னார். அவன் அலறல் குறைந்தது. எழுந்து உட்கார்ந்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். அவர் பதில் சொன்னார். கால்மணி நேரத்தில் இருவரும் பல் பட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அன்றைக்குப் புரிந்துகொண்டது இதுதான்: அவனுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை, தகவல் வேண்டியிருந்தது. கூட்டத்தில் அத்தனை பேர் அவனுடைய ரயிலை ஒரு கோளாறாகப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் அதன் வழியாக அவனிடம் போனார். அவர் எந்தப் பயிற்சியும் படித்தவர் இல்லை. தன் தொழிலை நேசிக்கிற ஒரு மனிதர். தன்னைப் போலவே இன்னொருவனை அடையாளம் கண்டுகொண்டார்.

மறுவருஷம் மாசியில் திரும்பப் போனோம். வண்டி ஓடியது. மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அவன் ஒவ்வொரு குகைக்கும் சத்தமாக எண் சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் முதலில் முகம் சுளித்தது. ஆறாவது குகையிலிருந்து அவர்கள் வீட்டுக் குட்டிப்பெண்ணும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தாள். பெரியவர்கள் கடைசிவரை முகம் சுளித்தபடிதான் இருந்தார்கள். இருக்கட்டும். குழந்தை சேர்ந்துகொண்டதே, அது போதும்.

நான் ஒரு பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தரப்பிலும் உண்மை உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு நிலைய அறிவிப்பு வீடியோவைச் சத்தமாக வைத்தால் நாங்களும் நிறுத்தத்தான் சொல்கிறோம். குளித்துவிட்டுத்தான் ரயில், சாப்பிட்டுவிட்டுத்தான் நிலையம் என்ற ஒழுங்கு வீட்டில் இருக்கிறது. துணையில்லாமல் ஸ்டேஷனுக்குப் போகக்கூடாது என்பதில் தளர்வே இல்லை. எல்லை வைப்பது வேறு, பிடுங்குவது வேறு. பெற்ற பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் நமக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் வரும்போது மறந்துவிடுகிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் ரயிலைத் திட்டுவதில்லை, மெச்சுகிறார்கள். “தம்பி ஜீனியஸ்! எங்கே, 12637 என்ன வண்டி சொல்லு? 12633?” என்று பத்துப் பேர் நடுவில் நிறுத்திக் கேட்டுக் கைதட்டுகிறார்கள். பிறகு மெதுவாக என்னிடம் வந்து, “இதை வச்சு ரயில்வேல ஏதாவது வேலைக்கு முயற்சி பண்ணலாமே சார்” என்கிறார்கள். வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். கிடைக்காவிட்டால் ரயில் வீணா? நீங்கள் வாக்கிங் போகிறீர்கள், சீட்டாடுகிறீர்கள், ரோஜாச்செடி வளர்க்கிறீர்கள். அதில் எத்தனை ரூபாய் சம்பாதித்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா? பைத்தியம் என்கிறவரும் ஜீனியஸ் என்கிறவரும் எனக்கு ஒன்றுதான். ஒருவர் அவன் சந்தோஷத்துக்கு வைத்தியம் கேட்கிறார், மற்றவர் வட்டி கேட்கிறார். அது வெறும் சந்தோஷமாக இருக்கக்கூடாதா?

வெளிநாட்டில் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில், பழைய சுரங்க ரயில் நிலையம் ஒன்றையே போக்குவரத்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ரயில் பிடித்த ஆட்டிசக் குழந்தைகளுக்கென்று அங்கே பள்ளி விட்டபின் வகுப்பு நடத்துகிறார்கள். ரயிலை மறக்கடிப்பதற்கான வகுப்பு இல்லை. ரயிலை வைத்தே மற்றக் குழந்தைகளோடு பேசிப் பழக வைக்கிற வகுப்பு. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசம் பற்றி முதன்முதலாக எழுதிய கட்டுரையில் முதல் நபராக வரும் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். எண்களும் சுழலும் பொருள்களும் அவனுக்கு உயிர். அந்தச் சிறுவன் வளர்ந்து மிசிசிப்பி மாநிலத்தில் தன் சிற்றூரிலேயே வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குப் பிரயாணம் போய்வந்தார். 2023-இல், 89 வயதில் காலமானார். குடும்பத்துக்கு வசதி இருந்தது என்பது உண்மை. ஆனால் ஊரும் அவரை அவர் போக்கில் இருக்க விட்டது. வசதியை நம்மால் கொடுக்க முடியாது. ஊராக இருக்க முடியுமே?

நம் நாட்டிலும் ஒன்றும் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் இருபத்தொரு வகைகளில் ஆட்டிசமும் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. துணையில்லாமல் பிரயாணம் செய்ய முடியாத, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் கூட வரும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. சர்க்கார் இவனைக் கூட்டிக்கொண்டு வா என்று டிக்கெட்டில் தள்ளுபடி கொடுக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர்தான் ஏன் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்கிறார்.

வருகிற ஆண்டு அவனுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலர் யார் என்று கலெக்டர் இருக்கும் குழுவில் விண்ணப்பம் போட வேண்டுமாம். மகளும் மாப்பிள்ளையும் அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் அவன் என்ன ஆவான் என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி. பதில் என்னிடமும் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். நாங்கள் இல்லாத ஒரு நாளில் அவன் எங்கோ ஓரிடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால், அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் பக்கத்தில் இல்லாவிட்டால், அவனிடம் மீதியிருப்பது அந்த ரயில்தான். நேரத்துக்குக் கிளம்பி, நேரத்துக்கு வந்து, தாமதமானால் எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிட்டு வருகிற ஒரு துணை. அதைப் பிடுங்கிவிட்டு அவன் கையில் எதைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயிலில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் “எப்ப சரியாகும்?” என்று தாயிடம் கேட்காதீர்கள். அடிக்கச் சொல்லாதீர்கள். ஜன்னலோர சீட் உங்களுடையதாக இருந்தால், மனம் வந்தால் மாற்றிக் கொடுங்கள். அவன் வண்டி எண் கேட்டால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான்.

கல்யாண வீட்டுப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. அன்றைக்கு அவன் உங்கள் இலைவரை வந்து சேரவில்லை. அடுத்த மாசம் வளைகாப்புக்கு மதுரை வருகிறோம், வைகையில்தான். நீங்கள் எந்த வண்டியில் வந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பான். பஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.